ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்

வட கனடாவில் எங்கள் கோரல் ஹார்பரில் விமானம் எப்போது வரும் என்று தெரிய வேண்டுமானால் யாரும் கணினியைத் தட்ட மாட்டார்கள். லீத்தியாவுக்குப் போன் போடுவார்கள். விமான நிலைய டிக்கெட் மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவள். விமானம் கிளம்பும் ரான்கின் இன்லெட் ஊரிலிருந்து நானூற்றறுபது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம், எதிர்காற்று என்றால் கொஞ்சம் கூட. அதோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்க் கடிகாரம் அவர்களுடையதைவிட அவ்வளவு முந்தி ஓடுகிறது. வெளியூர்க்காரர்கள் இதில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். லீத்தியா மீன் நறுக்கிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

அவள் கணக்குக்கு அடங்காத ஒரே ஆள் அவள் புருஷன் மனூமி. கடலில் சீல் வேட்டைக்குக் கிளம்பும்போது "மதியம் வந்துடறேன்" என்பான். எந்த நாள் மதியம் என்று சொல்ல மாட்டான். கல்யாணத்துக்கே தாமதமாக வந்த மகராசன். சாவுக்கு மட்டும் அவசரப்பட்டு, போன வருஷம் ஐம்பதுகூட ஆகாமல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

இந்த மார்ச்சில் அவன் தங்கை நிவியாக் ரான்கின் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றாள். ஆண் குழந்தை. அண்ணன் பெயரையே வைத்தாள். எங்கள் இனூயிட் ஜனங்களிடம் பெயர் வந்தால் ஆளே வந்த மாதிரி. ஆக அந்தப் பொடியன் லீத்தியாவுக்குப் புருஷன். இறங்கியதும் அவன் கையை முதலில் குலுக்குவது தானாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். புதுக் குழந்தை வந்து இறங்கினால் ஊரே கைகுலுக்க வரும். வரிசையில் நிற்க அவளுக்கு மனசில்லை.

திங்கள் காலையில் நிவியாக் போன் செய்தாள்.

"பத்து மணிக்குக் கிளம்புது அண்ணி. வந்துடுவீங்கல்ல?"

"பன்னிரண்டேகாலுக்கு இறங்குவீங்க. என் வீட்டுக்காரரைப் பட்டினி போடாம கூட்டிட்டு வா."

"கணக்கு சரிதானே?"

"யாருகிட்ட கேக்குற, வாயாடி!"

ஊர் வானொலியிலும் அதையே சொல்லிவிட்டு, அன்றைக்கு லீவு போட்டிருந்தவள், ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள். பதினொன்று தாண்டியதும் கூரைக்கு மேல் விமானச் சத்தம். அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. நேற்று ஞாயிறு. ரான்கினில் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பியிருப்பார்கள். எங்கள் ஊரில் என்றைக்கும் திருப்புவதில்லை. இரண்டு ஊருக்கும் இப்போது ஒரே மணி. வருஷா வருஷம் ஊருக்கே ஞாபகப்படுத்துகிறவள், இந்தத் தடவை ஆசையில் கோட்டைவிட்டாள்.

மாவுக் கையோடு வண்டியில் ஏறினாள். இந்நேரம் எத்தனை பேர் குலுக்கி முடித்தார்களோ என்று வழியெல்லாம் வயிற்றெரிச்சல்.

நிலையத்துக் கதவைத் தள்ளினால், நிவியாக் தனியாக நின்றிருந்தாள். குளிர் அங்கியின் முதுகுத் தொப்பிக்குள் குழந்தை.

"என்ன அண்ணி, ஈ காக்கா காணோம்? ஊரே எங்களைத் தள்ளி வெச்சிடுச்சா?"

ஊரே லீத்தியாவின் கணக்கை நம்பி வீட்டில் கிடந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அந்தச் சின்ன விரல்களைப் பிடித்துக் குலுக்கினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"வாழ்நாள் பூரா என்னைக் காக்க வெச்சியேய்யா," என்றாள், "இன்னைக்குப் பாத்து ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நிக்கிறியே!"