மறைக்காமல் விட்ட பெரட்டுக்களம்

கந்தப்பன் என்ற நாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு வந்து பெண்டாட்டி வீரம்மாவின் முதுகில் கொதிதண்ணீரை ஊற்றியவன். "ஓடுனா தேடிப்புடிச்சு வெட்டுவேன்டி" என்று கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருக்கும் லயமே கேட்கக் கத்தியவன். அவள் ஓடியேவிட்டாள். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கச் சேர்ந்தாள்.

பூரணி அதே லயத்தில் பிறந்தவள். 2009இல் ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஜாவா நிரல் எழுதினாள். அப்பப்பா, என்ன வேகம்! தோட்டத்துப் பெண்களுக்கு மருத்துவ முகாம் என்றைக்கு என்று பெயரைத் தட்டிப் பார்க்கும் இணையப் பக்கம் அவள் கைவேலை. முகாமுக்குப் பெயர் கொடுத்திருந்த வீரம்மா அவளுக்கு போன் பண்ணினாள்.

"அம்மாடி, நான் இருக்குற எடம் மட்டும் வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்தாளு என்னைய உசுரோட விடமாட்டான்."

"நான் பாத்துக்கிறேன்க்கா. பயப்படாதீங்க."

ஜாவாவில் ஓர் ஆளின் விவரத்தை எழுதினால் பெயர், முகவரி, லயம், பெரட்டுக்களம் எல்லாம் அதற்குள் இருக்கும். இணையத்துக்குப் போகும்போது அத்தனையும் ஜேசன் என்ற எழுத்துக்கோவையாக மாறும். எது போகக்கூடாதோ, அதன் தலைக்கு மேல் ஒரு குறிப்பு எழுத வேண்டும். குறிப்பு இல்லாதது தானாகப் போய்விடும். பூரணி முகவரிக்குக் குறிப்பு வைத்தாள், லயத்துக்கு வைத்தாள், லயத்து அறையான காம்பராவின் எண்ணுக்கும் வைத்தாள். பெரட்டுக்களத்தை விட்டுவிட்டாள். அடிப் பாவி! விடிந்ததும் வேலைக்குப் போகிற அத்தனை பேரும் பெயர் கொடுக்க வந்து நிற்கிற இடமல்லவா அது?

முகாம் பக்கத்தைப் பற்றி லயமெல்லாம் பேச்சு. கந்தப்பன் கடைவீதி இன்டர்நெட் கடையில் பெண்டாட்டி பெயரைத் தட்டச் சொன்னான். தோட்டத்தின் பெயரோடு பெரட்டுக்களம் பளிச்சென்று வந்தது.

மறுநாள் காலை கங்காணி பெயர் கூப்பிட்டார். "இருக்கேங்க" என்று வீரம்மா கையைத் தூக்கினாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற கந்தப்பன் தூக்கிய கையிலேயே தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை இறக்கினான். அடுத்த வெட்டு தோளில். மூன்றாவது வெட்டுக்கு ஓங்குவதற்குள் கொழுந்துக்காரிகள் அவன்மேல் பாய்ந்தார்கள். கல்லாலும் தடியாலும் அடித்து அவன் பல்லையும் தாடையையும் உடைத்தார்கள். கொன்றிருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆஸ்பத்திரிக்கு நானும் பூரணியோடு போனேன். வீரம்மாவுக்கு வலது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. பூரணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அட்ரஸ மறைச்சேன்க்கா. லயத்தையும் மறைச்சேன். சத்தியமாக்கா."

வீரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீயும் லயத்துப் புள்ளதானே?" என்றாள். "விடிஞ்சா ஒங்கம்மா எங்க போயி நிக்கிறாங்கன்னு ஒனக்கு ஒரு நாளும் தெரியாதா?"