ஐயரும் ஆயரும்

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பூணூல் போட்ட ஐயர் அல்ல, வெள்ளை அங்கி போட்ட ஐயர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களான நாங்கள் கப்பலேறியபோது வேதப் புத்தகத்தோடு அந்தச் சொல்லையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். மலாய்க்காரர்கள் தண்ணீரை ஆயர் என்பார்கள். செராங்கூன் ரோட்டில் நாங்கள் வைத்திருந்த தோட்டம் பிழைத்தது இந்த இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில் பெரிய சண்டை முடிந்த மறுவருஷம் சிங்கப்பூரில் அரிசிக்குத் தட்டுப்பாடு. ரங்கூன் அரிசி வரத்துக் குறைந்துபோயிற்று. வந்ததும் ஏழைக்கு எட்டவில்லை. ரோட்டு வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களும், ஆஸ்பத்திரியிலிருந்து பாதி உடம்போடு வெளியே வந்தவர்களும் கடைகளுக்கு முன்னால் இருந்த அஞ்சடி நடையில் படுத்துக் கிடந்தார்கள். ஐயர் ஒருநாள் ஆலயத்துக்குப் பின்னால் லாலான் புல் மண்டிக் கிடந்த நிலத்தைக் காட்டி, இதைக் கொத்துவோம் என்றார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என்னை அதற்குப் பொறுப்பாக்கினார். இந்த வாத்தியாரம்மாவுக்கு வாய் நீளம் என்பது சபை முழுக்கத் தெரியும். அதற்காகத்தான் என்னைப் பிடித்துப் போட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மரவள்ளி வைத்தோம், சர்க்கரைவள்ளி வைத்தோம், பாத்தி கட்டிச் சிறுகீரை விதைத்தோம், வேலியோரம் முருங்கைக் கொம்பு நட்டோம். சாப்பிட வருகிறவர் கையில் மண் பட்டிருக்க வேண்டும் என்று நான் ஒரு சட்டம் போட்டேன். பிச்சை வாங்கினோம் என்ற நினைப்பு யாருக்கும் வரக்கூடாது. ரயில் தண்டவாளத்தில் ஒரு காலை இழந்தவர்கூட உட்கார்ந்தபடியே களை பிடுங்குவார். மத்தியானம் பெரிய அண்டாவில் கிழங்கும் கீரையும் ஒரு பிடி நொய்யும் போட்டுக் கஞ்சி காய்ச்சுவோம்.

புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு வந்தாள் ஒருத்தி. பால் வற்றிப்போயிருந்தது. பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. முருங்கைக்கீரைக் கஞ்சி வயிற்றுக்குள் போகப் போக அவளுக்குப் பால் சுரந்தது. அந்தப் பிள்ளை முதல்முதலாக வீறிட்டு அழுதபோது நான் சந்தோஷத்தில் அழுதேன். அதன் பிறகு அந்தத் தோட்டத்தை எவன் கேட்டாலும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

கேட்டவர் எங்கள் சபைக் கமிட்டியின் தலைவர். யாழ்ப்பாணத்துக்காரர், சர்க்கார் ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. மனுஷர் கெட்டவர் அல்ல. ஆலயக் கூரை ஒழுகுகிறது, நிலத்தை மாட்டுக்கொட்டகைக்காரருக்கு வாடகைக்கு விட்டால் கூரை போட்டுவிடலாம் என்பது அவருடைய நியாயம். சபைக் காரியமாக ஐயர் மலாக்காவுக்குப் புறப்பட்டபோது, அவர் திரும்பி வரும்வரைக்கும் தோட்டம் பச்சையாக நின்றால் பேச்சில்லை, காய்ந்துபோனால் கொட்டகைக்குத்தான் என்று கிராணியார் என்னிடம் சொல்லிவைத்தார். சரி என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

ஐயர் போனார், மழையும் அவர் பின்னாலேயே போய்விட்டது. ஆலயக் கிணற்றில் சேறுதான் மிஞ்சியது. தெருக் குழாயில் குடம் குடமாகப் பிடித்துப் பாத்திக்கு ஊற்றினோம். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறீர்களா என்று முனிசிபல் பியூன் வந்து விரட்டினார். அவர் தலை மறைந்ததும் மறுபடி பிடித்தோம். அப்படியும் கீரை தலை தொங்கிவிட்டது. அண்டாவில் கஞ்சி நாளுக்கு நாள் தண்ணியாகிக்கொண்டு வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சீனருடைய காய்கறித் தோட்டம். அவரிடம் குளம் இருந்தது. ஆனால் எங்களுக்குள் பேச்சு இல்லை. அவருடைய பன்றி ஒருமுறை வேலி நுழைந்து எங்கள் மரவள்ளியைக் கிளறிப்போட, நான் அதை விறகுக் கட்டையால் நாலு சாத்துச் சாத்தியிருந்தேன். அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் வேலியோரம் வந்து நின்று, என்னைப் பார்த்துச் சந்தை மலாயில் கேட்டார்: "ஆயர் அடா?"

தண்ணீர் இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறார். அவருடைய நாக்கில் அது ஐயர் என்றே எனக்கு விழுந்தது. பன்றியை அடித்ததற்கு இப்போது ஐயரிடம் பிராது கொடுக்க வந்துவிட்டான் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "ஐயர் தாடா. மலாக்கா பிகி" என்று வெடுக்கென்று சொன்னேன். ஐயர் இல்லை, மலாக்கா போய்விட்டார் என்று அர்த்தம். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு வறண்டு கிடந்த பாத்தியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வந்து பார்த்தால் வேலியில் இரண்டு முழத்துக்கு ஓட்டை. நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, தமிழில் எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் வைதுகொண்டே போனேன். அவர் முழங்கால் சேற்றில் நின்று, தன் குளத்திலிருந்து எங்கள் பக்கமாக வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோள் குலுங்கச் சிரித்தார்.

"லூ புஞ்ஞா ஆயர் மலாக்கா பிகி. சாயா புஞ்ஞா ஆயர் மாரி" என்றார். உன் தண்ணீர் மலாக்கா போய்விட்டது, என் தண்ணீர் வருகிறது.

மாரி என்றால் மலாயில் வா என்பது. எனக்கு அது மழை என்றே கேட்டது. தூக்கிய மண்வெட்டியைக் கீழே இறக்கினேன். அவர் எங்கள் சர்க்கரைவள்ளிக் கொடியைக் காட்டி, பன்றி போல உறுமிக் காட்டினார். புரிந்துவிட்டது. கிழங்கு எங்களுக்கு, கொடி அவருடைய பன்றிக்கு, தண்ணீர் இரண்டு பேருக்கும். தலையாட்டிவிட்டு, எங்கள் பக்கத்து வாய்க்காலை நாங்களே வெட்டிக்கொள்கிறோம் என்று கையால் காட்டினேன். அன்றைக்கே எல்லோரும் இறங்கினோம். பிள்ளைக்காரி பிள்ளையை முருங்கை நிழலில் கிடத்திவிட்டு மண் சுமந்தாள். ஒற்றைக் கால்காரர் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வெட்டினார். பொழுது சாய்வதற்குள் பாத்தியில் தண்ணீர் ஏறிவிட்டது.

தோட்டம் மறுபடி பச்சையாயிற்று. ஆனால் ஐயர் வரவில்லை. மலாக்காவிலேயே அவரை நிறுத்திக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெரிய கிராணி மாட்டுக்கொட்டகைக்காரரை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார். அண்டாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"ஐயர் வரும்வரைக்கும் எண்டுதானே பேச்சு, பிள்ளை. அவர் இனி வரமாட்டார். ஐயர் இல்லாத தோட்டம் இனி எதுக்கு?" என்றார்.

நான் பிள்ளைக்காரியின் கையைப் பிடித்து இழுத்து அவர் முன்னால் நிறுத்தினேன். "கொட்டகைக்குக் குடுத்தா ஆலயத்துக்குக் கூரை வரும். இவ பிள்ளைக்குப் பால் எங்கேயிருந்து வரும்? ஐயர் போனா போகட்டும், ஐயா. இங்க ஆயர் இருக்கு" என்று வாய்க்காலைக் காட்டினேன்.

ஆபீஸில் ஆயுசெல்லாம் மலாய் பேசியவருக்கு விளங்க நேரம் ஆகவில்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டு, கொட்டகைக்காரரிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அண்டாவைச் சுற்றி இருந்தவர்கள் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஆலயக் கூரை நன்றாகவே ஒழுகிற்று. முன் பெஞ்சில் பெரிய கிராணியின் பாட்டுப் புத்தகத்தின் மேலேயே சொட்டியது. என் பக்கத்தில் பிள்ளைக்காரி, மடியில் கொழுத்த பிள்ளை. கிராணியார் எழுந்து இடம் மாறவில்லை, புத்தகத்தைத் துடைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "ஆயர் மாரி."