இடது கையால் ஒரு கதவு

அந்த யோசனை வந்தது ஒரு காரின் பின் சீட்டில், வலப்பக்கக் கதவோரம்.

என் வலது கையில் ஸ்டெல்லா அக்காவின் செருப்பும் ஹேண்ட்பேக்கும். ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. வேறு வழியில்லாமல் இடது கையை நீட்டிக் கதவைத் திறக்கப் போனேன். உடம்பு தானாகத் திரும்பியது. கூடவே தலையும். பின்னால் ஒரு பைக்! அது போகட்டும் என்று காத்திருந்து, பிறகு திறந்தேன்.

அட, இவ்வளவுதானா?

கொஞ்சம் முன்னால் இன்னொருவர் இப்படித் திரும்பியிருந்தால், நாங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க மாட்டோம்.

ஸ்டெல்லா அக்கா எங்கள் பக்கத்து வீடு. நர்ஸ். விடியற்காலை டியூட்டிக்குச் சைக்கிளில் போகிறவர். எனக்குச் சைக்கிள் பைத்தியத்தை ஒட்டவைத்தவரும் அவர்தான். மைசூர் சைக்கிளுக்கு ஏற்ற ஊர் என்று வெளியூர் நண்பர்கள் பொறாமைப்படுவார்கள். மர நிழல், அகலமான ரோடு... உண்மைதான். அந்த அகலத்தில் பாதி கார் நிறுத்தத்தான்.

அன்று சர்ச்சில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து இருவரும் சைக்கிளில் கிளம்பினோம். கோயில் தெருவில் வரிசையாகக் கார்கள். திடீரென்று ஒரு கதவு ரோட்டுக்குள் நீண்டது. முன்னால் போன அக்கா அதில் மோதி விழுந்தார்.

திறந்தவர் யாரோ முரடர் என்று நினைத்தீர்களா? சேவியர் அங்கிள். எங்கள் கோயில் பாடகர் குழு. தங்கமான மனிதர். போனில் பேசிக்கொண்டே இறங்கப் பார்த்திருக்கிறார்.

"ஐயோ ஸ்டெல்லா! பெல் அடிக்கக் கூடாதாம்மா?"

"கதவுக்கெல்லாம் யாராவது பெல் அடிப்பாங்களா அங்கிள்?" தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார் அக்கா.

அங்கிளே பதறிப்போய்த் தன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டு. அக்காவின் கணவர் சைக்கிளைத் தூக்கி மொட்டை மாடியில் வைத்துவிட்டார். "இனிமே பேடவே பேடா, சைக்கிளே வேண்டாம். பஸ்ல போ. அந்த நேரத்துக்கு பஸ் இல்லைன்னா டியூட்டி மாத்திக் கேளு."

அக்கா சரியென்று தலையாட்டினார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். எல்லாவற்றுக்கும் கையில் பதில் வைத்திருப்பவர் அவர். பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "எலும்பு சேர்ந்துடும்டீ. ஆனா நிக்கிற காரைப் பார்த்தாலே கை வேர்க்குது."

ஓடுகிற காரை அல்ல... நிற்கிற காரை!

சில நாள் கழித்து அங்கிள் ஆரஞ்சும் பிரெட்டுமாகப் பார்க்க வந்தார். நாங்கள் வாசலில்தான் நின்றிருந்தோம். காரை நிறுத்தினார். எங்களைப் பார்த்துச் சிரித்தபடியே — படீர், கதவு! ஸ்கூட்டரில் வந்த ஒருவர் வளைந்து தப்பித்து, "கண்ணு காணல்வேன்ரீ?" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே போனார், கண் தெரியலையா என்று.

அங்கிள் எங்களிடம் வந்தார். "பார்த்தியாம்மா, எப்படி ஓட்டுறான்!"

யாரைக் கோபித்துக்கொள்வது, சொல்லுங்கள்?

என் யோசனையைச் சொன்னேன். இடது கையால் திறந்தால் தலை தானாகப் பின்னால் திரும்பும் அங்கிள், அவ்வளவுதான். அவர் முகம் சுருங்கியது.

"இடது கையாலயா? புது வண்டிம்மா. ஃபாதர் மந்திரிச்சுக் குடுத்தது. தீர்த்தம் தெளிச்ச கதவு!"

"கியர் எந்தக் கையால போடுறீங்க அங்கிள்?" என்றார் அக்கா.

"அது ஆட்டோமேட்டிக்மா."

அக்கா சிரித்துவிட்டார். விழுந்த பிறகு அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை.

விடுவேனா? கோயில் வாட்ஸப் குழுவில் போட்டேன். கும்பிடும் கைகள், கட்டைவிரல்கள், ஒரு பூங்கொத்து. ஆபீஸில் சொன்னேன். "நல்ல பாயிண்ட்" என்றார்கள். சாயங்காலம் பார்க்கிங்கில் எல்லாம் அதே வலது கை. அலுத்துவிட்டது. ஹெல்மெட் போடு, லைட் மாட்டு, பளபள ஜாக்கெட் போடு... அறிவுரை அத்தனையும் அடிபடுகிறவருக்கு. ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டியவருக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை.

சொன்னால் கேட்க மாட்டார்கள். சரி, யார் சொன்னால் கேட்பார்கள்?

எங்கள் கோயிலில் புது வண்டியை ஞாயிறு பூசைக்குப் பிறகு மந்திரிப்பார்கள். ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துச் சாவியைக் கொடுப்பார். அதோடு ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சொல்லி அவரிடம் கேட்கப் போகிறேன். சாவி வாங்கியவர் டிரைவர் சீட்டில் ஏறி, பின்னால் திரும்பிப் பார்த்து, இடது கையால் கதவைத் திறந்து இறங்க வேண்டும். ஃபாதர் கண்ணெதிரே. அதற்கப்புறம் இடது கை ஆகாது என்று யார் சொல்வார்கள்?

ஃபாதர் சிரிக்கலாம். 'ஆகட்டும், பார்ப்போம்' என்று நழுவலாம். ஆனாலும் கேட்கப் போகிறேன். வருகிற ஞாயிறு ஒரு புது கார் மந்திரிக்க வருகிறது.

அக்காவையும் கூப்பிட்டேன்.

"வர்றேன்டீ. நடந்தே போலாம்... கார் நிக்காத பக்கமா."