ஒரே கொக்கியில் இரண்டு தகடுகள்

அழுகிய கோவா இலை மணம். அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது...

கல்லை மாவாக அரைத்து, தண்ணீரும் மருந்தும் விட்டு, பெரிய தொட்டிகளில் நுரை கிளப்புவார்கள். முதலில் ஈயம் சாம்பல் நுரையாக மிதந்து வரும். அடுத்த வரிசைத் தொட்டிகளில் துத்தநாகம். அந்த மருந்து மணம் உடுப்பில் ஏறினால் மூன்று தரம் தோய்த்தாலும் போகாது. லீவில் கொழும்புக்கு, வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தபோது அம்மா என் சூட்கேஸைத் திறந்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு பல்கனிக்கே போய்விட்டார்.

ஆபிரிக்காவில் ஒரு சுரங்கம். ஈயம், துத்தநாகம், செம்பு, கொஞ்சம் வெள்ளி... எல்லாம் ஒரே கல்லில். அங்கே நான் ஜியோலொஜிஸ்ட். முதல் வேலை. நிலத்துக்குக் கீழே எந்தப் பக்கம் வெட்டுவது என்று பார்ப்பது என் பாடு. வெட்டிய கல்லை அரைத்து உலோகம் பிரிக்கிற ஆலையில் அன்ரன் அண்ணா ஷிப்ட் ஃபோர்மன். அவரும் கொழும்புதான், கொட்டாஞ்சேனைக்காரர். அந்த ஊரிலேயே தமிழ் கதைக்கிற ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒரு கிழமையாக ஆலையில் பிரச்சினை. ஈய நுரையோடு துத்தநாகமும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, என்ட மருந்தில பிழை இல்ல. நீங்க அனுப்புற கல்லுதான் மாறியிருக்கு."

"அப்ப கீழ வந்து உங்கட கண்ணால பாருங்கோ அண்ணா."

ஐந்து வருடம் அங்கே வேலை செய்தும் அவர் கீழே இறங்கியதேயில்லை. அன்று இறங்கினார்.

சுரங்க வாசலில் ஒரு பலகை இருந்தது. இறங்குகிற ஒவ்வொருவரும் நம்பர் போட்ட பித்தளைத் தகடொன்றை அதில் மாட்டவேண்டும். ஏறி வந்ததும் கழற்றவேண்டும். பலகை வெறுமையானால்தான் பின்னேரம் வெடியைக் கொளுத்துவார்கள். அன்று வேறு கொக்கி இருக்கவில்லை. அவருடைய தகட்டையும் என் கொக்கியிலேயே மாட்டினேன்.

கீழே இரண்டு மணித்தியாலம் கல் பொறுக்கினோம். லாப் பூட்டுவதற்குள் சாம்பிள் பைகளைக் கொடுக்கவேண்டும் என்று நான் அவசரப்பட்டேன்.

"நீங்க போங்க தங்கச்சி. நான் இன்னும் கொஞ்சம் பாத்திட்டு, பின்னால வாற லொறியில வாறன்."

கீழே பழக்கமில்லாத ஆளைத் தனியே விடக்கூடாது. சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும்.

விட்டுவிட்டு வந்தேன்.

வாசலில் பிக்அப்பை நிறுத்தி, எஞ்சினைக்கூட அணைக்காமல் ஓடிப்போய் கொக்கியிலிருந்ததை இழுத்துப் பொக்கற்றில் போட்டேன். லாப்பில் பைகளை இறக்கினேன். உடுப்பு மாற்றும் அறையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பொக்கற்றில் கைவிட்டேன். தகடு வழக்கத்தைவிடக் கனம். கிறீஸில் ஒன்றோடொன்று ஒட்டியபடி...

இரண்டு.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். வெடிக்கு எட்டு நிமிடம். பலகை வெறுமை. கீழே ஆள்.

கால்மேஸோடு ஓடினேன். சரளைக் கல் குத்தியது அடுத்த நாள்தான் தெரிந்தது. கொன்ட்ரோல் ரூமில் ஒப்பரேட்டர் வெடிப் பெட்டியின் பூட்டில் திறப்பைப் போட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு இங்கிலிஷ் ஒரு சொல்லும் வரவில்லை.

"நிப்பாட்டுங்கோ! கீழ ஆள் இருக்கு! கீழ ஆள் இருக்கு!"

அந்த மனிதருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார். திறப்பை இழுத்து எடுத்து, தன் காற்சட்டைப் பொக்கற்றில் போட்டார்.

இரண்டு பேர் அவரைத் தேடி வண்டியில் கீழே இறங்கினார்கள். அரை மணித்தியாலம். நான் வாசலில் நிலத்திலேயே இருந்தேன். கொட்டாஞ்சேனையில் இருக்கிற அவருடைய மனைவி ரெஜினா அக்காவுக்கு என்ன சொல்வது என்று, சொற்களைக்கூட அடுக்கிப் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்ரன் அண்ணா சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார். கையில் ஒரு கல்.

"கண்டுபிடிச்சிட்டன் தங்கச்சி! பாருங்க, செம்பு கூடியிருக்கு. அதுதான் துத்தநாகத்தையும் இழுத்துக்கொண்டு மிதக்குது. லொறி ஒண்டும் நிக்கல்ல. அதான் ஒரு ஓரமா இருந்து உடைச்சிப் பாத்துக்கொண்டு இருந்தன்."

அவர் இருந்த ஓரத்திலிருந்து ஒரு பஸ் நீளம் தள்ளித்தான் அன்றைய வெடிமருந்து அடைத்திருந்தது.

சொன்னேன். எல்லாவற்றையும். அவர் ஹெல்மெற்றைக் கழற்றினார். கல் கையிலிருந்து விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

என்னை ஒரு மாதம் கீழே இறங்க விடவில்லை. அது நியாயம்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் போய்விட்டன. கொட்டாஞ்சேனை வீட்டுக்கு நான் போனால் ரெஜினா அக்கா நண்டுக் கறியில் பெரிய காலை என் சோற்றுக் கோப்பையில்தான் போடுவார். ‘இவரின்ட உயிரைக் காப்பாத்தின பிள்ளை’ என்று அயலாருக்குச் சொல்வார். ஒவ்வொரு முறையும் அந்த நண்டுக் காலைச் சோற்றுக்குள் தள்ளி மறைப்பேன்.

போன ஞாயிறு தாங்கமுடியாமல் சொல்லிவிட்டேன். "அக்கா, அண்டைக்கு அவரின்ட தகட்டையும் என்ட கொக்கியில மாட்டி, பாக்காம ரெண்டையும் கழட்டினது நான். தனிய விட்டிட்டு வந்ததும் நான்."

அவர் கரண்டியோடு அப்படியே நின்றார். "ஒரே கொக்கியில போடச் சொன்னது தான்தான் எண்டு இவர் சொன்னாரே... ‘போ’ எண்டு துரத்தினதும் தானாம்."

அன்ரன் அண்ணா கொக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவேயில்லை. பலகைப் பக்கம் அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

வாசலுக்கு என்னை வழியனுப்ப வந்த அண்ணாவிடம் கேட்டேன். "ஏன் அண்ணா பொய் சொன்னீங்கள்?"

"உள்ளதைச் சொல்லியிருந்தா நீங்க இந்த வீட்டுக்கு வந்திருப்பீங்களா?"



இப்போது நான் வெள்ளவத்தை ஃபிளாற்றில் இருந்தபடி வேறொரு சுரங்கத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். கீழே போகிற ஒவ்வொரு ஆளும் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. மேலே வந்தால் தானாகவே அணைந்துவிடும். மணமில்லை, தூசியில்லை, ஓட்டமில்லை. அந்தக் காலத்தில் இது இருந்திருந்தால்... என்று நினைப்பேன்.

ஆனாலும் வெடி நேரத்துக்கு முன் அந்தச் சுரங்கத்துக்கு ஃபோன் எடுப்பேன். கம்ப்யூட்டரே சொல்கிறதே என்று ஷிப்ட் பொஸ் சலித்துக்கொள்வார். பரவாயில்லை, மேலே வந்தவர்களின் பெயர்களை வாசியுங்கள் என்பேன். ஒவ்வொன்றாக வாசிப்பார்.

கடைசிப் பெயர் வரும்வரை நான் கதிரையில் உட்காருவதில்லை.