முன்னால் போகும் மணி

எங்கள் கல்லூரி பெண்கள் கல்லூரியாக இருந்தபோது, விடுதிக்குள் ஆண் காலடி படுவதற்கு முன் மணிச் சத்தம் வரவேண்டும். மின்விசிறி பழுதுபார்ப்பவரானாலும் கட்டில் சுமந்து வருபவரானாலும் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். விடுதியைப் பெருக்கும் மணியக்கா துடைப்பத்தைச் சாத்திவிட்டு, கைமணியை ஆட்டியபடி முன்னால் நடப்பார். "ஆம்பள வருது, கதவைச் சாத்துங்க" என்பார். வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போவார். முதல்வரம்மாவின் கணவருக்கும் அதே மணி, அதே "வருது"தான். கொஞ்சம் மரியாதையாகச் சொல்லக் கூடாதா என்று முதல்வரம்மா கேட்டதற்கு, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்றுவிட்டார்.

மற்றவர்களுக்கு மணி விறுவிறுவென்று போகும். குழாய்க்காரர் வந்தால் மட்டும் ஊர்வலம் மாதிரி நகரும். இதெல்லாம் எங்களுக்கு உடனே மூக்கில் வேர்த்துவிடும். நல்ல பிள்ளைகளான நாங்கள் எங்களால் ஆன உதவியைச் செய்தோம். வராந்தாவின் கோடியில் இருக்கும் குளியலறைக் குழாயின் வாஷரை அடிக்கடி கழற்றி ஒளித்துவைத்தோம். இவனுக்கு வேலையே தெரியவில்லை என்று வார்டன் குழாய்க்காரரைத் திட்டித் தீர்த்தார். மனுஷன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அக்காவுக்கும் அவருக்கும் நடந்த கல்யாணத்துக்கு விடுதியே திரண்டு போனது.

நான் அங்கேயே ஆசிரியையாகச் சேர்ந்து சில வருடங்களில் பையன்களும் படிக்க வந்தார்கள். மணிச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். எங்களைக் கண்ணாடிச் சாமானாக நினைத்த சட்டம் அது. மணி ஆபீஸ் அலமாரிக்குப் போனது. நாங்கள் இருந்த பழைய மேற்குக் கட்டடம் பையன்கள் விடுதியானது, அக்காவுக்கு அங்கேயே வேலை.

முதல் நாள் காலை துடைப்பத்தோடு உள்ளே போனவர் போன வேகத்தில் என் அறைக்கு வந்து நின்றார். வராந்தா முழுக்கத் துண்டும் ஈரத் தலையுமாக இருந்ததாம். ஒருவன் துண்டைத் தலையில் கட்டியிருந்தானாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"நாளையிலேருந்து நான் வரல. எனக்கும் மானம் இருக்கு, அந்தப் பிள்ளைங்களுக்கும் இருக்கணும்ல?"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. வாலிபம் முழுக்க நடந்த வராந்தா. விட்டுப் போக மனசில்லை, உள்ளே போகக் காலும் வரவில்லை.

மறுநாள் சாவியை ஒப்படைக்க வந்தார். கூடவே குழாய்க்காரர். அவர் யாரையும் கேட்காமல் ஆபீஸுக்குள் போய் மணியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மேற்குக் கட்டட வாசலில் மணியை ஓங்கி ஆட்டினார்.

"பொம்பள வருது, சட்டையைப் போடுங்க."

கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. எங்கோ ஒரு வாளி உருண்டது. பிறகு வராந்தா காலியாக, துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

"இத்தனை வருஷம் எனக்கு நீ அடிச்சே. வா, இனிமே நான் அடிக்கிறேன்."

அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தலை நிமிர்ந்து பின்னால் நடந்தார். நாலு அடி போனதும் முன்னால் போனவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கொஞ்சம் மெதுவாப் போங்க."