நாலாவது தடவை வந்த வயிற்றுவலி

ராணுவக் குடியிருப்பை ஒட்டியிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸுக்கு அது பதினேழாவது வருஷம். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம் என்பாள். அங்கே வரும் பிள்ளைகள் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்குவதில்லை. அப்பாவுக்கு மாற்றல் வந்ததும் மூட்டை கட்டிவிடுவார்கள். எந்தத் தடுப்பூசி போட்டது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒவ்வொரு அம்மாவிடமும் ஆதியோடு அந்தமாகக் கேட்டு எழுதியே அவளுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது.

ஒரே மாதத்தில் நாலாவது தடவையாக ஒரு எட்டு வயதுச் சிறுமி வயிற்றுவலி என்று வந்தாள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று. ஒன்றும் இல்லை. ஸ்கூலுக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்று டாக்டர் சிரித்தார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அம்மா மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினாள். கணவர் எல்லைக்குப் போய் ஏழு மாதம்.

நர்ஸுக்கும் அலுப்புதான். வெளியே இன்னும் இருபது பேர். ஆனால் சிறுமியின் எடை இரண்டு கிலோ இறங்கியிருந்தது. மட்டம் போடுகிற பிள்ளை இப்படி இளைக்காது. அம்மாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டுச் சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா கிளம்பும்போது உங்கிட்ட என்ன சொன்னார், கண்ணு?"

"அம்மாவையும் தங்கச்சியையும் நீதான் பாத்துக்கணும்னார்." சிறுமி நிமிரவில்லை. "நான் ஸ்கூலுக்குப் போயிட்டா யாரு பாத்துப்பாங்க?"

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னாள் நர்ஸ். அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். தான் தனியாக அழுததெல்லாம் பிள்ளை காதில் விழுந்திருக்கும் என்றாள். டாக்டர் இப்போது சிரிக்கவில்லை. குழந்தைகளுக்கான மனநல ஆலோசகரைப் பார்க்கச் சீட்டு எழுதினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில், அம்மாவை இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீ விளையாடினால் போதும் என்றாராம். "அங்கேருந்து எப்படிப்பா?" என்று கேட்டாளாம் மகள். 

வலி ஒரேயடியாக நிற்கவில்லை. மாதத்துக்கு ஒரு நாள் என்று குறைந்தது. எடை ஒரு கிலோ ஏறியது. அதற்குள் அப்பா திரும்பி வந்தார். கூடவே மாற்றல் உத்தரவும் வந்தது.

சிறுமிக்கு எப்போது வலிக்கும், எப்படிக் கேட்டால் பேசுவாள் என்று நர்ஸ் இரண்டு பக்கம் எழுதி, போகிற ஊர் ஆஸ்பத்திரியில் முதல் நாளே காட்டச் சொல்லி அம்மா கையில் கொடுத்தாள். காட்டினார்களா என்று இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு, அப்பா எல்லைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம் கூடுதலாக ஒதுக்க டாக்டர் ஒத்துக்கொண்டார். வரிசை நீண்டுவிட்டது. காத்திருப்பவர்களிடம் திட்டு வாங்குவது நர்ஸ்தான்.