கம்பத்தில் பட்ட பந்து

கண்ணால் கண்டதையும் நேரில் கேட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஏகாம்பரத்தைப் பற்றி ஆவடியில் வேறு கதைகளும் உலவின. சில, நான் எழுதப்போவதைவிடச் சுவையானவை. அவற்றுக்குச் சான்றில்லாததால் விட்டுவிடுகிறேன்.

சென்ற வாரம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், இரும்பைப் பற்றவைப்போர் அணியும் தோல் கையுறைகள் ஒரு கடைவாசலில் கொத்தாகத் தொங்கின. சாரலில் நனைந்த தோலின் வாடை பட்டதும் நின்றுவிட்டேன். "இன்னா சார், எத்தினி ஜோடி?" என்றார் கடைக்காரர். ஒன்றும் வேண்டாம் என்று நகர்ந்தேன்.

அத்தகைய கையுறைகளோடுதான் ஏகாம்பரம் எங்கள் தொழிற்சாலைக் கால்பந்து அணியின் இலக்கைக் காத்தார். எண்பதுகளின் இறுதி. அவர் பற்றவைப்புப் பிரிவில் தற்காலிகப் பணியாளர், நான் எழுத்தர். கள்ளிக்குப்பத்தில் ஒற்றை அறை, பேச ஆளில்லை. ஆகவே ஞாயிறுதோறும் ஆட்டம் பார்த்து அறிவிப்புப் பலகைக்குக் குறிப்பெழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் 'இலக்குக் காவலர்' என்றே எழுதுவேன். "கோல்கீப்பர்னு எழுதினா இன்னா சார் கொறஞ்சி பூடும்? கோயில் வாட்ச்மேன் மாரி கீது" என்று சிரித்த ஏகாம்பரம்தான் என் ஒரே வாசகர்.

பந்து எதிர்ப்பக்கம் போனால் கூட்டமும் அதன் பின்னே போய்விடும். அவர் மட்டும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்பார். "பேச ஒரு காக்கா கூட இல்ல சார். நீயாச்சும் இப்டி வந்து குந்தேன்" என்பார். நான் போனதில்லை. நடுக்கோட்டருகே இருந்தால்தான் இருபுறமும் சரியாகத் தெரியும் என்பது என் கொள்கை.

அவ்வாண்டு அணியின் இரு இலக்குக் காவலர்களில் ஒருவரை நிரந்தரப் பணியில் எடுக்க இருந்தார்கள். பலகைக் குறிப்புகளைப் பார்த்தே மேலதிகாரி முடிவெடுப்பார் என்பது எல்லோரும் அறிந்தது. கடைசி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி. ஏகாம்பரம் வலப்புறம் பாய்ந்தார். பந்து கம்பத்தில் மோதி வெளியே போயிற்று. காவலர் தொடவில்லை என்று கருதிய நடுவர் பந்தை எங்களுக்கே கொடுத்தார். வென்றோம்.

மறுநாள் காலை அவர் என் மேசைக்கு வந்தார்.

"வெரல் பட்டுச்சு சார். அதான் கம்பத்துக்குப் போச்சு. 'ஏகாம்பரம் தட்டி வுட்டான்'னு எழுது."

"பட்டிருந்தா அவங்களுக்கு கார்னர் ஆச்சே. நடுவர்கிட்ட ஏன் சொல்லல?"

"நல்லா கேட்ட போ! சொன்னா கார்னர் குடுத்துருவான், அதுல கோல் வுழுந்தா டீம் தோத்துக்கும். அங்க வாய மூடிகினு இருந்தேன். உன்னாண்டதான் தொறக்கறேன்."

"நான் பாக்கலியே, ஏகாம்பரம்."

"கோலாண்ட குந்திகினு இருந்தா பாத்திருப்ப."

'பந்து கம்பத்தில் பட்டு வெளியேறியது' என்று எழுதினேன். நான்கு சொற்கள், ஒன்றிலும் பிழையில்லை. மற்றவரை நிரந்தரமாக்கினார்கள். மாத இறுதியில் ஏகாம்பரம் வேலையை விட்டார். வாயிலில் எதிர்ப்பட்டபோது என்னைப் பார்த்துவிட்டு நடந்தார். அதன்பின் என் குறிப்புகளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அந்த மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அணியும் இல்லை, பலகையும் இல்லை. அவர் வீடு வெள்ளானூரில் என்று பணியாளர் பதிவேட்டில் இருந்தது. சைக்கிளில் போய்வரக்கூடிய தொலைவு, நான் போகவில்லை. அவர் பிறகு எங்கு வேலை பார்த்தார், வேறெந்த அணிக்காவது ஆடினாரா, அன்று பந்து விரலில் பட்டதா என்பவை எனக்குத் தெரியாது.